இடக்கைக்குக் குறி பழக்குதல்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “இரண்டு வருடமாக 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் சுடுகிறேன். மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இடக்கையால் சுட்டுப் பார்த்தேன். பத்து ரவையில் நாலு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போகின்றன. கைக்குப் பலம் போதவில்லை. ஆறு மாதமும் சுடாமல் இருப்பதா, இடக்கையைத் திருத்த வழி இருக்கிறதா?”

சுடாமல் இருக்க வேண்டாம், தம்பி. வழி இருக்கிறது. ஆனால் கைக்குப் பலம் போதவில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அதை முதலில் அழித்துவிடுங்கள். உங்கள் இடக்கைக்குப் பலம் இருக்கிறது. சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும் கைதான் அது. அதற்கு இல்லாதது பழக்கம். நம் வீடுகளில் பிள்ளை இடக்கையை நீட்டினால் “பீச்சாங்கையால் வாங்காதே” என்று தட்டிவிடுவார்கள். எழுதுவது, திருநீறு பூசுவது, காசு கொடுப்பது எல்லாம் சோற்றுக்கைக்கே உரியவை. பிறந்தது முதல் ஒதுக்கி வைத்த கையிடம் திடீரென்று ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலைக் கொடுத்து, 10 மீற்றர் தள்ளியிருக்கும் கறுப்பின் நடுவே உள்ள 11.5 மில்லிமீற்றர் பத்துப் புள்ளி வட்டத்தைத் துளைக்கச் சொல்கிறோம். பத்தில் ஆறு கறுப்புக்குள் விழுந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எனக்கு வலத் தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேலே உயர்த்த முடியாத நிலை வந்தது. நான்கு மாதம் இடக்கையால் மட்டுமே சுட்டேன். முதல் நாள் சுட்ட அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். கடுகு சிந்தியது போல ஓட்டைகள். ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தச் சிதறலுக்கு ஒரு சாய்வு இருந்தது. கறுப்பை விட்டு வெளியே போனவை எல்லாம் ஒரே மூலையில், கீழே வலப்பக்கமாக விழுந்திருந்தன. கை தளர்ந்து தள்ளாடியிருந்தால் நாலு பக்கமும் அல்லவா சிதறியிருக்க வேண்டும்? ஒரே மூலைக்குப் போனால் யாரோ அங்கே தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். தள்ளியது என் ஆட்காட்டி விரல். உங்கள் அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அதே மூலையைத்தான் காண்பீர்கள்.

ஏன் விரல் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். குறிபார்க்கும்போது பிஸ்டலின் பின்னால் உள்ள பிளவுக்குள் (பின் குறி) முனையில் நிற்கும் துண்டை (முன் குறி) பொருத்திப் பார்க்கிறோம். போட்டிப் பிஸ்டலில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீற்றர் என்பது அதைப்போல முப்பது மடங்கு. பின் குறியின் பிளவுக்குள் முன் குறி 1 மில்லிமீற்றர் ஒரு பக்கம் விலகினால், அட்டையில் அது 30 மில்லிமீற்றர் ஆகிவிடும். ரவை 7 புள்ளி வட்டத்தில் விழும். மாறாக, இரண்டு குறிகளும் ஒழுங்காக நின்று, கை முழுவதுமாக 10 மில்லிமீற்றர் அலைந்தால் ரவையும் அந்த 10 மில்லிமீற்றர்தான் விலகும். உங்களுக்கு 9 கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் உங்களைப் பயமுறுத்துகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த 1 மில்லிமீற்றர் புள்ளியைத் தின்றுகொண்டிருக்கிறது. இடக்கை ஆடும், ஆடட்டும். ஆட்டத்தின் நடுவே குறிகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் போதும்.

சரி, விரலுக்கு வருவோம். பழகிய கையில் ஆட்காட்டி விரல் தனியாக மடங்கும்; மற்ற மூன்று விரல்களும் இருந்த இடத்தில் இருக்கும். பழகாத கையில் அப்படி இல்லை. ஆட்காட்டி விரலை மடக்கு என்று மூளை சொன்னால், பக்கத்து விரல்களும் கூடவே இறுகும், மாட்டின் மடியைப் பிடித்துக் கறப்பது போல. அந்த இறுக்கம் பிஸ்டலின் மூக்கைக் கீழே இழுக்கிறது. விசையைத் திடீரென்று வெட்டி இழுப்பது அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இடக்கைக்காரருக்கு இது கீழ் வலமாகவும், வலக்கைக்காரருக்குக் கீழ் இடமாகவும் வரும். சுடுதளச் சுவரில் ஒட்டியிருக்கும் பிழை வரைபடங்கள் பெரும்பாலும் வலக்கைக்காரருக்காக வரைந்தவை. அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி வாசியுங்கள். மாற்றாமல் வாசித்து, இல்லாத பிழையைத் திருத்தப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் தெளிக்கும் விசிறல் போத்தல் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதை இடக்கையில் பிடித்து, நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல் மூன்றையும் கழுத்தில் சுற்றி, ஆட்காட்டி விரலால் மட்டும் விசையை அழுத்துங்கள். வேகமாக வேண்டாம். மூன்று எண்ணும் நேரத்தில், தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாதபடி மெல்ல மெல்ல. மற்ற விரல்களின் நகங்களைப் பாருங்கள். அழுத்தும்போது நகம் வெளிறினால் அந்த விரலும் சேர்ந்து இறுகுகிறது. நகத்தின் நிறம் மாறாமல் தண்ணீர் வரும் நாள்வரை செய்யுங்கள். போத்தலின் விசை பிஸ்டலுடையதைவிடக் கடினமானது. போட்டிக் காற்றுப் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதுதான் விதி; அது மிக மென்மையானது. அதனால் போத்தலில் அடங்கிய விரல் பிஸ்டலில் நிச்சயம் அடங்கும். எனக்கு மூன்று வாரம் எடுத்தது.

வீட்டில் போத்தலை வைத்துப் பழகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பில் தமிழ்க் குடும்பங்களுக்குத் துப்பாக்கி என்ற சொல்லோடு இருக்கும் உறவு மற்றவர்களுடையது போன்றதல்ல. 2009 வரை காலி வீதியில் எத்தனை சோதனைச் சாவடியில் நின்று அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறோம்! என் தாயார் இன்றும் என் போட்டிப் படங்களைச் சுவரில் மாட்ட விடுவதில்லை. அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். அடுக்குமாடி ஜன்னலில் பிஸ்டல் வடிவம் ஒன்றைக் கண்டு பக்கத்து வீட்டார் 119 ஐ அழைத்தால் அது அவர்களின் குற்றம் ஆகாது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் கடுமையானது. ஆகவே பிஸ்டல் சுடுதளத்திலேயே இருக்கட்டும். பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க அங்கே மட்டும் அதைக் கையில் எடுங்கள்.

சுடுதளத்தில் உங்கள் முதல் வேலை கைப்பிடி. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால்தான் எனக்குச் சந்தேகம். போட்டிப் பிஸ்டலின் மரக் கைப்பிடி ஒரு கைக்காகவே செதுக்கப்பட்டது. வலக்கைப் பிடியில் இடக்கையை நுழைத்தால், உள்ளங்கைக் குழியில் அமர வேண்டிய மேடு விரல் மூட்டில் குத்தும்; பெருவிரலுக்கான பள்ளம் இருக்க வேண்டிய பக்கம் மொட்டையாக இருக்கும். அப்படிப் பிடித்துத்தான் அந்தப் பத்து ரவையையும் சுட்டீர்கள் என்றால் அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். அது உங்கள் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடக்கைப் பிடி ஒன்றை இரவல் கேளுங்கள், அல்லது பயிற்சி பெறுபவர்களுக்காக வைத்திருக்கும் இரு கைக்கும் பொதுவான பிடியுள்ள பிஸ்டலை வாங்கிப் பழகுங்கள். பிடி சரியாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் திறக்கும்போது முன் குறி பின் குறியின் நடுவில் தானாகவே வந்து நிற்கும். மணிக்கட்டைத் திருகித்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் பிடியைத் திருத்துங்கள், மணிக்கட்டைத் திருகாதீர்கள். கொழும்பின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கினால் மறுபடி அந்தக் கீழ் வலது மூலைதான். ஐந்து ரவைக்கு ஒரு முறை கையையும் பிடியையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரல்களுக்கு இடையே ஒரு சிறு துவாரம் விட்டு, அதன் வழியே தூரத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். இடக்கண்ணை மூடினாலும் கடிகாரம் தெரிகிறதா? அப்படியானால் உங்கள் ஆளும் கண் வலக்கண். வலக்கைக்காரர் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். இப்போது பிஸ்டல் இடக்கையில், ஆளும் கண் வலப்பக்கத்தில். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் குறிகள் இரட்டையாகத் தெரியும். எது உண்மை என்று மூளை தடுமாறும். நீங்கள் எழுதிய சிதறலில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி வலக்கண்ணாலேயே குறிபார்க்கலாம். ரைபிள் என்றால் கன்னம் கட்டையில் பதிய வேண்டும், கண் மாற வழியில்லை. பிஸ்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை, நீட்டிய கையைச் சில சென்ரிமீற்றர் உள்ளே கொண்டுவந்தால் போதும். மற்றது, வலக்கண்ணை மறைத்து இடக்கண்ணைப் பழக்குவது. போட்டி விதி 30 மில்லிமீற்றர் அகலம் வரையான கண் மறைப்பை அனுமதிக்கிறது. கறுப்பு மறைப்பு வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் மங்கலான பிளாஸ்ரிக் துண்டு நல்லது. ஒரு கண்ணுக்கு முழு இருட்டைக் கொடுத்தால் மற்றக் கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும், குறி தெளிவு குறையும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுடுவதைவிட இது எவ்வளவோ மேல். முகத் தசை களைத்தால் பார்வையும் களைக்கும். உங்களுக்கு ஆறு மாதம்தான் என்பதால் நான் முதலாவது வழியையே சொல்வேன். இரண்டு வருடமாகப் பழகிய கண்ணை எதற்குக் கைவிட வேண்டும்? கழுத்து இழுத்துப் பிடித்தால் மட்டும் இரண்டாவதற்குப் போங்கள். எந்தக் கண்ணாக இருந்தாலும் பார்வை முன் குறியில் ஊன்றட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும்.

நிற்பதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வலக்கைக்கு நின்றதைத் திருப்பிப் போட்டுத் தொடங்குங்கள், ஆனால் அதுவே உங்கள் நிலை என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கண்ணை மூடி, கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறி வட்டத்துக்கு இடப்பக்கம் நின்றால் கையை நகர்த்தாமல் பின் காலை நகர்த்துங்கள். வலக்கண்ணால் பார்ப்பதால் உங்கள் நெஞ்சு முன்பைவிட அட்டையை நோக்கிச் சற்று அதிகமாகத் திரும்பியிருக்கும், அது பிழையில்லை. காயப்பட்ட வலக்கையைத் தொங்கவிடாதீர்கள். அது ஊஞ்சல் போல ஆடினால் உடம்பே ஆடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் சும்மா இருக்கும் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்ற படம் உலகம் முழுவதும் சுற்றியது. பலர் அதை அலட்சியம் என்று நினைத்தார்கள். சும்மா இருக்கும் கையை ஓரிடத்தில் ஊன்றிவைப்பது இந்த விளையாட்டில் எல்லோரும் செய்வது. தகடு வைத்த மணிக்கட்டுக்குப் பை இறுக்கமாக இருந்தால் பெருவிரலை இடுப்புப் பட்டியில் கோத்துக்கொள்ளுங்கள்.

தோள் களைப்பது உண்மைதான், அதற்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். ஏறத்தாழப் பிஸ்டலின் எடை. நீட்டி உயர்த்தி எட்டு எண்ணுங்கள், இறக்குங்கள், அரை நிமிடம் ஓய்வு. இருபது முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டுக்கு மேல் பிடிக்கப் பழகாதீர்கள். சுடும்போதும் அவ்வளவு நேரத்துக்குள் விசை விழாவிட்டால் கையை இறக்கிவிடத் தெரிய வேண்டும். பழகாத கையோடு சுடுபவர் செய்யும் பெரிய தவறு இதுதான்: இவ்வளவு கஷ்டப்பட்டு உயர்த்திவிட்டோமே என்று பிடித்துக்கொண்டே நின்று, பார்வை மங்கி, கை நடுங்கத் தொடங்கிய பின் அவசரமாக இழுப்பது. சுடாமல் இறக்கினால் புள்ளி போகாது. 60 ரவைக்கு 75 நிமிடம் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் புள்ளியே எண்ண வேண்டாம். அட்டையைத் திருப்பி வெள்ளைப் பின்பக்கத்தைப் போடுங்கள். வட்டம் இல்லாத இடத்தில் கண் துரத்துவதற்கு எதுவும் இல்லாததால், முன் குறியோடு அமைதியாக இருக்கும், விரலும் தன் வேலையைப் பார்க்கும். பாதி நேரம் ரவை போடாமல் விசையை மட்டும் அழுத்துங்கள்; உங்கள் பிஸ்டலில் அதற்கான அமைப்பு இருக்கும். விசை விழுந்த பின்னும் குறிகளை இரண்டு எண்ணும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். விழுந்த கணத்தில் முன் குறி எந்தப் பக்கம் துள்ளியது என்று உங்களால் சொல்ல முடிந்தால், அட்டையைப் பார்க்காமலே ரவை எங்கே என்று சொல்லிவிடலாம். குழாயின் மேல் நாணயம் வைத்து விழாமல் அழுத்தும் பயிற்சியைச் சிலர் சொல்வார்கள். நான் சொல்வதில்லை. மனம் நாணயத்தில் நிற்கும், குறியில் நிற்காது.

பிறகு ஐந்து ஐந்து ரவையாகச் சுட்டு, மிகத் தூரமான இரண்டு ஓட்டைகளுக்கு இடையேயுள்ள அகலத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். கூட்டம் எங்கே விழுகிறது என்று கவலைப்படாதீர்கள், அது சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே இடப்பக்கம் விழுந்தாலும், அகலம் வாரா வாரம் குறைந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள். கூட்டம் ஓரிடத்தில் நிலைத்த பின்புதான் பின் குறியின் திருகைத் தொட வேண்டும். அதற்கு முன் தொட்டால், விரல் பிழையைக் குறியில் ஒளித்துவைத்ததாகிவிடும். விரல் திருந்தும் நாளில் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும். ஒரு நாளில் 40 ரவை போதும். களைத்த பின் சுடும் ஒவ்வொரு ரவையும் தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். கை மாறும்போது பாதுகாப்புப் பழக்கங்களும் கூடவே மாறிவிடுவதில்லை. வலக்கையில் தன்னிச்சையாக நடந்தது, விசைக் காவலுக்கு வெளியே விரலை நீட்டி வைப்பது, இடக்கையில் நடக்காது. அதை முதலிலிருந்து பழக்க வேண்டும். ரவை போட்டு மூடும்போதும் குழாயின் வாய் அறியாமலே பக்கத்து ஆளை நோக்கித் திரும்பும். பிஸ்டலை மேசையில் அட்டையை நோக்கி வைத்து, வலக்கையின் இரண்டு விரலால் ரவையைப் போடுங்கள். ரவை போடத் திறக்கும் நெம்புகோல் கடினமாக இருந்தால் பயிற்றுநரிடம் கேளுங்கள். மணிக்கட்டில் தகடு இருக்கும்போது வீரம் காட்ட வேண்டாம்.

இடக்கையால் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், ஹங்கேரியின் கரோய் தகாச் என்ற இராணுவ வீரரைச் சொல்வேன். 1938 இல் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து அவருடைய வலக்கை போனது. சுடும் கை அதுதான். ஒரு மாதம் வைத்தியசாலையில் இருந்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். அடுத்த வருடம் நாட்டுப் போட்டியில் வந்து நின்றபோது, ஆறுதல் சொல்ல வந்தவர்களை வென்றுவிட்டார். 1940 இலும் 1944 இலும் போரினால் ஒலிம்பிக் நடக்கவில்லை. 1948 இல் இலண்டனில், 38 வயதில், 25 மீற்றர் விரைவுப் பிஸ்டலில் 580 புள்ளியோடு உலக சாதனையும் தங்கமும். 1952 இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். அந்தப் போட்டியில் ஐந்து அட்டைகளை 8, 6, 4 வினாடிகளில் சுட வேண்டும். உங்களுக்கு இருப்பது அமைதியான 75 நிமிடம்.

தகாச் எழுத்துப் பழகும் குழந்தை போல அடியிலிருந்து தொடங்கவில்லை, நீங்களும் தொடங்கவில்லை. ஒரு கை கற்றதில் ஒரு பங்கு மறு கைக்கும் போய்ச் சேர்கிறது. 1894 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கையை மட்டும் பயிற்றி, பயிற்றாத கையும் முன்னேறியதைக் காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. குறிபார்ப்பது, மூச்சை நிறுத்துவது, சுடாமல் இறக்கும் தைரியம் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகப் பழக வேண்டியது விரலும் பிடியும்தான். இது எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்கிறது. கட்டுப் போட்டிருக்கும் கை பலம் இழக்கும் வேகத்தை, மறு கையின் பயிற்சி ஓரளவு குறைக்கிறது. ஆகவே இடக்கைக்குச் செய்யும் பயிற்சியில் வலக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

போட்டிக்கு வர நினைத்தால் வரலாம். எந்தக் கை என்று விதி கேட்பதில்லை, ஒரு கையால் மட்டும் சுட வேண்டும் என்றுதான் கேட்கிறது. சுடும் மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது என்பதால், இடக்கையில் மணிக்கூடு கட்டும் பழக்கம் இருந்தால் அன்று கழற்றிவிடுங்கள். நான் நான்கு மாத முடிவில் இடக்கையால் 600 க்கு 520 ஐத் தாண்டினேன். வலக்கையால் எடுப்பதைவிட 40 புள்ளி குறைவு. அதே அளவு உங்களுக்கும் வரும் என்று வாக்குத் தர மாட்டேன், ஆனால் கறுப்புக்கு வெளியே ஒன்றும் போகாத நாள் வரும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமாக.

வைத்தியர் வலக்கைக்கு அனுமதி தந்ததும் முழுப் பிஸ்டலோடு ஓடாதீர்கள். அரை லீற்றர்ப் போத்தலில் தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஒரு லீற்றருக்கு வாருங்கள். அப்போதும் வெள்ளை அட்டையிலிருந்தே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் இருபது ரவையை இடக்கைக்கென்று ஒதுக்கி வையுங்கள். நான் இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் அப்படித்தான் செய்கிறேன்.